உங்களுக்குத் தெரியுமா? உள்ளங்கைக் குழந்தையும் 10 மைக்ரோகிராம் வைட்டமினும்!

28 வாரம் நிறைவதற்குள் அவசரமாகப் பிறந்துவிடுகிற குழந்தைகளும், அவர்களுக்குக் கொடுக்கப்படும் வைட்டமின் டி சொட்டு மருந்தும்தான் இந்த முறை நம் வேட்டை. ஒன்றுமில்லாத விஷயம் என்று நினைத்துத்தான் தோண்ட ஆரம்பித்தேன். புதையல்!

24 வாரத்தில் பிறக்கும் குழந்தையின் எடை எவ்வளவு இருக்கும்? சுமார் 650 கிராம்!

அந்த உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் 60 மில்லி. ஒரு காபி டம்ளரில் பாதிகூட நிரம்பாது! வைட்டமின் டி போதுமா என்று பார்க்க வேண்டுமானால் அதிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்!

2020இல் மட்டும் உலகம் முழுவதும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் 1 கோடியே 34 லட்சம். பத்தில் ஒன்று!

பல ஆஸ்பத்திரிகளில் இவர்களுக்குக் கொடுக்கும் தினசரி அளவு 400 ஐ.யூ., அதாவது சர்வதேச அலகு. கேட்டால் மலைப்பாக இருக்கிறதா? எடை போட்டால் வெறும் 10 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்கு!

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். 1 கிராம் சுத்தமான வைட்டமின் டி இருந்தால் 1 லட்சம் குழந்தைகளுக்கு ஒரு நாள் மருந்து தயார். ஒரே குழந்தைக்கு என்றால்? 273 வருஷத்துக்கு வரும்!

தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது என்பார்கள். கிட்டத்தட்ட உண்மை. ஆனால் வைட்டமின் டி மட்டும் ஒரு லிட்டருக்கு 25 முதல் 80 ஐ.யூ.தான்!

லிட்டருக்கு 50 என்றே வையுங்கள். 400 ஐ.யூ. கிடைக்க எத்தனை லிட்டர் குடிக்க வேண்டும்? 8 லிட்டர்! 800 கிராம் குழந்தை ஒரு நாளில் குடிப்பது 120 மில்லி. அதில் கிடைப்பது 6 ஐ.யூ.!

அதனால் தாய்ப்பாலை யாரும் குறைத்துப் பேசிவிட வேண்டாம். இந்தக் குழந்தைகளின் குடலுக்கு அதைப்போல மருந்து வேறில்லை. டி மட்டும்தான் அங்கே ஏழை!

அம்மாவே கூடுதலாகச் சாப்பிட்டால் பாலில் ஏறாதா? ஏறும்! 2015இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. தாய் தினமும் 6,400 ஐ.யூ. சாப்பிட, குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை. நேரடியாக 400 ஐ.யூ. குடித்த குழந்தைகளுக்குச் சமமாக ரத்த அளவு வந்துவிட்டது! ஆனால் அவை அரைக் கிலோக் குழந்தைகள் அல்ல. நாள் நிறைந்து பிறந்தவை.

டியின் முக்கிய வேலை கால்சியத்தை எலும்புக்குச் சேர்ப்பது. நிறைமாதக் குழந்தையின் எலும்புக்கூட்டில் இருக்கும் கால்சியம் ஏறக்குறைய 30 கிராம். அதில் 80 சதவீதம் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது! 26 வாரத்தில் பிறந்த குழந்தை அந்த மூன்று மாதத்தை இன்குபேட்டரில் கழிக்கிறது. இப்போது புரிகிறதா சிக்கல்?

அந்தக் கடைசிக் கட்டத்தில் வயிற்றுக்குள் கால்சியம் ஏறும் வேகம், குழந்தையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 100 மில்லிகிராமுக்கு மேல்!

வைட்டமின் டியும் அம்மாவிடமிருந்து தொப்புள்கொடி வழியாகத்தான் வருகிறது. அம்மாவின் ரத்தத்தில் உள்ள அளவில் 50 முதல் 80 சதவீதம்தான் குழந்தைக்கு. அம்மாவிடம் குறைவு என்றால் குழந்தையிடம் அதைவிடக் குறைவு!

இங்கே வெயிலுக்குப் பஞ்சமா என்கிறீர்களா? லக்னோவில் 207 கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வெளியானது. 84 சதவீதம் பேரிடம் வைட்டமின் டி போதவில்லை! அவர்களுடைய குழந்தைகளில்? 95.7 சதவீதம்! வெயில் கொளுத்தும் நாட்டில்!

வருவதும் கொஞ்சம், நிற்பதும் கொஞ்ச நாள். ரத்தத்தில் இருக்கும் டி இரண்டு மூன்று வாரத்தில் பாதியாகிவிடும்! அதனால்தான் சொட்டு மருந்து ஒரு நாளோடு முடிவதில்லை.

சரி, அந்தச் சொட்டு மருந்து எதிலிருந்து வருகிறது? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டுக் கம்பளியிலிருந்து! செம்மறி ஆட்டு ரோமத்தைக் கழுவும்போது ஒரு பிசுக்கு வரும். லானோலின் என்ற கொழுப்பு. அதிலிருந்து கொலஸ்ட்ரால் எடுப்பார்கள். அதைச் சற்றே மாற்றி, புற ஊதா ஒளியில் காட்டுவார்கள். வைட்டமின் டியின் டி3 வகை ரெடி! உலகச் சந்தையில் விற்கும் டி3யில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. நம் தோலில் வெயில் பட்டதும் நடப்பதும் அச்சு அசலாக இதே ரசாயனம்தான். இங்கே தோலும் சூரியனும். அங்கே ஆடும் விளக்கும்!

சைவத்தில் உறுதியாக இருப்பவர்களுக்கு? பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன் என்ற உயிரினத்திலிருந்தும் டி3 எடுக்கிறார்கள்!

டி2 இருக்கிறது, டி3 இருக்கிறது. டி1 எங்கே போனது? அப்படி ஒரு பொருளே கிடையாது! ஒரு தனிப்பொருள் என்று நினைத்துப் பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் அது கலவை!

வைட்டமின் டியின் மூலப்பொருள்களைத் துருவிய ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் விண்டாஸுக்கு 1928இல் நோபல் பரிசு!

அதற்கு முன்னால் ஒரு நாய்க்கதை. லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளை வெயில்படாமல் அடைத்து, ஓட்ஸ் கஞ்சி மாதிரியான உணவையே போட்டு வளர்த்தார். கால்கள் வளைந்தன. ரிக்கெட்ஸ்! காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தார். தீர்ந்தது! 1919இல் அவர் பெருமை முழுவதையும் வைட்டமின் ஏ-வுக்குக் கொடுத்தார்!

மூன்று வருஷத்தில் அமெரிக்காவின் எல்மர் மெக்காலம் அந்த எண்ணெயில் இருந்த ஏ-வை அழித்துவிட்டுக் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் எலும்பு தேறியது! எண்ணெயில் வேறு யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது அன்றுதான்!

அதே 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் முன்னால் படுக்கவைத்தார். ஒரு கைமேல் மட்டும் ஒளி. எக்ஸ்ரே எடுத்தால்? ஒளியே படாத மறு கையும் குணமாகிக்கொண்டிருந்தது! தோலில் உண்டானது ரத்தத்தில் போய் எங்கெங்கோ வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட அழகான சாட்சி நான் பார்த்ததில்லை!

அமெரிக்காவில் ஹாரி ஸ்டீன்பாக் உணவின்மேலேயே புற ஊதா ஒளியைப் பாய்ச்சி வைட்டமின் டி ஏற்றினார். அந்த முறையின் உரிமைக்கு ஓட்ஸ் கம்பெனி ஒன்று 10 லட்சம் டாலர் வரை தர முன்வந்ததாம். வேண்டாம் என்று சொல்லி, வருமானம் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குப் போகிற மாதிரி ஏற்பாடு செய்துவிட்டார்!

குறைமாதக் குழந்தைகளை நீல விளக்கின் கீழ், கண்ணைக் கட்டி, வெற்றுடம்போடு படுக்கவைத்திருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். நாள் கணக்கில் ஒளியிலேயே கிடக்கிறது குழந்தை. அதிலிருந்து கிடைக்கும் வைட்டமின் டி? பூஜ்யம்! மஞ்சள் காமாலைக்கு வேண்டிய நீல ஒளி 460 முதல் 490 நானோமீட்டர். வைட்டமின் டிக்கு வேண்டியது 290 முதல் 315!

அந்த நீல விளக்கு பிறந்த கதை இன்னும் பிரமாதம். 1956, இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரி. குறைமாதக் குழந்தைகள் வார்டின் பொறுப்பு நர்ஸ் சிஸ்டர் வார்டு. நல்ல வெயில் அடித்தால் குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். டாக்டர்களுக்குத் திக்திக். ஒரு நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்களிடம் ஒரு குழந்தையைத் திறந்து காட்டினார். உடம்பெல்லாம் வெளுப்பு. ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாக அடர்ந்த மஞ்சள்! டாக்டர்கள் அந்த முக்கோணத்தைப் பார்த்துக் குழம்பினார்கள். அங்கேதான் துணி மூடியிருந்தது. மற்ற இடமெல்லாம் வெயில் பட்டு மஞ்சள் போய்விட்டது!

அத்தோடு நிற்கவில்லை. அதே ஆஸ்பத்திரியில் காமாலைக் குழந்தையின் ரத்தம் எடுத்துவைத்த சோதனைக் குழாய் ஒன்று ஜன்னலோரம் வெயிலில் கிடந்துவிட்டது. பரிசோதித்தால் மஞ்சள் அளவு சரிந்திருந்தது! 1958இல் கட்டுரை வெளியாகி, உலகம் முழுக்க விளக்கு வந்தது. கண்டுபிடித்தது மருத்துவ மேதை யாருமில்லை. குழந்தைகளை வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போன ஒரு நர்ஸ்!

ஜன்னல் வழியாக வெயில் விழுகிறதே, அது போதாதா? போதாது! வைட்டமின் டிக்கு வேண்டிய கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும்!

காலை இளவெயிலில் குழந்தையைக் காட்டும் பாட்டிமார்களே, கோபிக்காதீர்கள். சூரியன் சாய்ந்திருக்கும் அந்த நேரத்தில் அந்தக் கதிர் தரைக்கு வருவதே அரிது!

இவ்வளவு சின்ன உயிருக்கு வைட்டமினைப் பக்குவப்படுத்தும் சக்தி இருக்குமா? கல்லீரல் ஒரு முறை மாற்ற வேண்டும், சிறுநீரகம் இன்னொரு முறை மாற்ற வேண்டும், அப்போதுதான் டி வேலை செய்யும். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் 23 முதல் 27 வாரத்துக்குள் பிறந்த 100 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். மூன்று பிரிவு. ஒன்றுக்கு வெறும் போலி மருந்து. ஒன்றுக்கு 200 ஐ.யூ. ஒன்றுக்கு 800 ஐ.யூ. முடிவு 2016இல் வந்தது.

பிறந்த அன்றே 67 சதவீதக் குழந்தைகளிடம் டி பற்றாக்குறை! மூன்றில் இரண்டு!

28ஆம் நாள் ஒரு மில்லி ரத்தத்தில் எவ்வளவு? போலி மருந்துக்கு 22 நானோகிராம். 200 ஐ.யூ.வுக்கு 39. 800 ஐ.யூ.வுக்கு 84! கல்லீரல் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்துவிட்டது!

இனிமேல்தான் திருப்பம். செயற்கைச் சுவாச உதவி இல்லாமல் உயிரோடு கழித்த நாட்களை எண்ணினார்கள். 84 வந்த குழந்தைக்கும் 22 வந்த குழந்தைக்கும் வித்தியாசமே இல்லை! ரத்தத்தில் எண் நாலு மடங்கு, நுரையீரலில் முன்னேற்றம் பூஜ்யம்! என்னைக் கேட்டால் அந்த 84ஐவிட இந்தப் பூஜ்யம்தான் பெரிய செய்தி. இன்னும் பெரிய ஆய்வு வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்!

21 வாரத்திலேயே பிறந்து, பிழைத்து, கின்னஸில் ஏறிய 420 கிராம் குழந்தையைக் காப்பாற்றியதும் இதே பல்கலைக்கழக ஆஸ்பத்திரிதான்!

நம் டில்லிக்கு வாருங்கள். எய்ம்ஸில் 28 முதல் 34 வாரத்துக்குள் பிறந்த 96 குழந்தைகள். பாதிப் பேருக்கு 400, பாதிப் பேருக்கு 800. பிறந்திருக்க வேண்டிய தேதி வந்தபோது பார்த்தால், 400 குடித்தவர்களில் 66.7 சதவீதத்துக்குப் பற்றாக்குறை. 800 குடித்தவர்களில் 38.1! எலும்பின் கனிம அளவு? இரண்டு பக்கமும் ஒன்றேதான்! 2014இல் வெளியான இந்த ஆய்வில் 800 குடித்த ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் டி அளவுக்கு மீறிப் போயிருந்தது.

அப்படியானால் சரியான அளவுதான் என்ன? அட்லாண்டிக்கின் எந்தக் கரையில் பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது! ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2013இல் சொன்னது 200 முதல் 400 ஐ.யூ. ஐரோப்பிய நிபுணர்கள் 2010இல் சொன்னது 800 முதல் 1,000! அதே குழந்தை, அதே எலும்பு, ஐந்து மடங்கு வரை வித்தியாசம்!

2022இல் ஐரோப்பியர்கள் கணக்கையே மாற்றிவிட்டார்கள். கிலோவுக்கு 400 முதல் 700, எப்படியும் 1,000ஐத் தாண்டக் கூடாது. அதன்படி 800 கிராம் குழந்தைக்கு 320 முதல் 560!

உலக சுகாதார நிறுவனம் 2011இல் சொன்னது 400 முதல் 1,000. ஆறு மாதம் வரை. எல்லோரையும் ஒரே வரியில் திருப்திப்படுத்திவிட்டார்கள்!

அதே 2011 வழிகாட்டியில் நம் வீட்டுப் பண்டம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குக் கப், ஸ்பூன் அல்லது பாலாடையில் பால் புகட்டலாமாம். நம்ம பாலாடை, ஜெனீவா வரை!

பாலாடைக்கு வருவதற்கு முன்னால் எல்லாம் குழாய் வழியாகத்தான். உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுகிற வித்தை கைகூடுவதே 32 முதல் 34 வாரத்தில். அதுவரை பாலும் டியும் குழாயில்!

வெறும் டி ஊற்றினால் எலும்பு வந்துவிடாது. கால்சியமும் பாஸ்பரஸும் வேண்டும். ரத்தக்குழாய் வழியாக இரண்டையும் ஒரே திரவத்தில் கலந்து ஏற்றலாமே என்கிறீர்களா? அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து வெள்ளைத் துகளாகப் படிந்துவிடும்! சூடு ஏற ஏற இன்னும் சுலபமாகப் படியும். இன்குபேட்டரோ கதகதப்புக்கென்றே செய்த பெட்டி!

மூச்சு விட மறந்துபோகும் குழந்தைகளுக்கு டாக்டர்கள் கொடுப்பது என்ன தெரியுமா? காஃபீன்! ஆமாம், காபியில் இருக்கிறதே, அதேதான்! மூச்சு சீராகிறது. ஆனால் கால்சியம் சிறுநீரில் கொஞ்சம் கூடுதலாக வெளியேறுகிறது. நுரையீரலில் நீர் குறைய ஃப்ரூஸமைடு கொடுத்தால் அதுவும் கால்சியத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. டி ஒரு பக்கம் சேர்க்க, இந்த இரண்டு மருந்தும் மறுபக்கம் செலவழிக்கின்றன!

எலும்பு பலவீனமாகிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பல சமயம் தற்செயலாக! நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது என்று எடுத்த எக்ஸ்ரேயில் விலா எலும்பு முறிந்திருப்பது தெரியும்!

எக்ஸ்ரேயும் சோம்பேறி. எலும்பின் கனிமம் 20 முதல் 40 சதவீதம் குறைந்த பிறகுதான் அதன் கண்ணில் படும்!

வயிற்றுக்குள் குழந்தை உதைப்பது அம்மாவுக்கு மட்டும் சந்தோஷமில்லை. கருப்பைச் சுவரில் மோதி மோதித்தான் எலும்பு உறுதியாகிறது! இன்குபேட்டரில் உதைக்கச் சுவர் ஏது? 1990களில் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்கு உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள்! கையையும் காலையும் மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். தினம் 5 முதல் 10 நிமிஷம். எடையும் ஏறியது, எலும்பும் கூடியது!

குறைவு மட்டுமா ஆபத்து? 1950களின் இங்கிலாந்தில் பால் பவுடர், கஞ்சி மாவு என்று எல்லாவற்றிலும் டி கலந்தார்கள். சில குழந்தைகளுக்கு ஒரு நாளில் 4,000 ஐ.யூ. வரை போயிருக்கலாம்! ரத்தத்தில் கால்சியம் எகிறி, குழந்தைகள் பால் குடிக்காமல் வாந்தி எடுத்து வாடிப்போனார்கள். 1957இல் அளவைக் குறைத்தார்கள்.

சரி, எல்லோரும் அதையே குடிக்க, சிலருக்கு மட்டும் ஏன் அப்படி ஆனது? விடைக்கு ஒரு துப்பு கிடைத்தது 2011இல்! டியை உடைத்து வெளியேற்றும் சி.ஒய்.பி.24ஏ1 என்ற மரபணு சிலருக்குப் பழுதாக இருக்கிறதாம். அவர்களுக்கு அடுத்தவரின் மருந்தே விஷம்!

கிழக்கு ஜெர்மனி இன்னும் தடாலடி. தினமும் சொட்டு எதற்கு என்று ஒரே தடவையில் 6 லட்சம் ஐ.யூ.! சில மாதம் கழித்து மறுபடி 6 லட்சம்! ஒன்றரை வயது வரை இப்படியே!

அதிக டி எடுத்தால் நஞ்சு. ஆனால் அதிக வெயிலால் டி நஞ்சாகவே ஆகாது! மிஞ்சியதை அதே வெயில் தோலிலேயே சிதைத்துவிடும். இந்தப் புத்தி எந்தப் பாட்டிலுக்கும் கிடையாது!

நம்மூர் மருந்துக்கடையில் பெரியவர்களுக்கு வாரம் ஒன்று என்று தரும் 60,000 ஐ.யூ. பாக்கெட் இருக்கிறதே? தினம் 400 குடிக்கும் குழந்தைக்கு அது 150 நாள் மருந்து! மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்!

2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே பெற்றோரை எச்சரித்தது. சில மருந்தோடு வரும் டிராப்பரில் 400 ஐ.யூ.வுக்கு மேலேயும் பிடிக்குமாம்! முழுக்க இழுத்தால் முடிந்தது!

இங்கே 1 மில்லியில் 400 ஐ.யூ. உள்ள பாட்டிலும் உண்டு, 800 உள்ள பாட்டிலும் உண்டு. டப்பா பார்க்க ஒரே ஜாடை! டிஸ்சார்ஜ் சீட்டில் '1 மில்லி' என்று எழுதியிருந்தால் எந்தப் பாட்டிலில் என்று நர்ஸிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டிலிருந்து சித்தப்பா வாங்கி வரும் சில பாட்டில்களில் ஒரே ஒரு சொட்டில் 400 ஐ.யூ. அடங்கியிருக்கும். நம்மூர்ப் பழக்கத்தில் ஃபில்லரால் 1 மில்லி எடுத்து ஊற்றினால் குழந்தையின் வயிற்றுக்குள் போவது 10,000 ஐ.யூ.வுக்கும் மேலே!